பசங்களுக்கு பத்தி எழுத சொல்லிக்கொடுக்கறது எப்படி? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஒரு பத்தி எழுதிட்டு வா"ன்னு சொல்றோம், பசங்க எழுதிட்டு வர்றாங்க, நாம சிவப்பு பேனாவ எடுத்து வட்டம் போட்டு ஓரத்துல "தெளிவா இல்ல", "கோர்வையா எழுது"ன்னு எழுதிக் கொடுக்கறோம். நிறைய கிளாஸ்ல எழுத்துப் பயிற்சின்னா இவ்வளவுதான். ஆனா அந்த கமெண்ட்ட படிச்சிட்டு ஒரு குழந்தையால என்ன செய்ய முடியும்? கோர்வையா எழுதறது எப்படின்னு தெரிஞ்சிருந்தா முதல் தடவையே அப்படித்தான எழுதியிருக்கும்.

நான் இங்க சொல்லப்போறது ஒரே விஷயத்த சுத்திதான். பத்தி பேப்பர்ல குழம்பறதில்ல, பேனாவ எடுக்கறதுக்கு முன்னாடியே குழம்பிடுது. என்ன சொல்லப்போறோம்னு முடிவு பண்ணாமலே பசங்க எழுத ஆரம்பிச்சிடறாங்க, தலைப்ப பத்தி ஞாபகம் வர்றத எல்லாம் வர்ற வரிசைல எழுதறாங்க, பக்கம் நிறைஞ்சதும் நிறுத்திடறாங்க. அதனால சொல்லிக்கொடுக்கற நம்ம வேலைல பெரும்பகுதி எழுதறதுக்கு முன்னாடிதான் இருக்கு, திருத்தறதுல கொஞ்சம்தான்.

இன்னொன்னையும் மனசுல வச்சுக்கோங்க. எழுதறப்ப ஒரு குழந்தை ஒரே நேரத்துல எத்தன வேலை பாக்குது பாருங்க. எழுத்துப்பிழை இல்லாம எழுதணும், கையெழுத்து நல்லா இருக்கணும், வாக்கியம் சரியா முடியணும், அடுத்து என்ன சொல்றதுன்னு யோசிக்கணும், இதுவரைக்கும் என்ன சொன்னோம்னும் ஞாபகம் வச்சிருக்கணும். லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1981ல எழுதின ஒரு கட்டுரைல, திட்டம் போடறது, வார்த்தைல கொண்டுவர்றது, திரும்பிப் பாக்கறது இந்த மூணும் எழுதறவங்க மனசுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாறி மாறி ஓடிட்டே இருக்கும்னு காட்டினாங்க. பழகினவங்களுக்கு அது பரவாயில்ல, புதுசா எழுதற பசங்களுக்கு அது தாங்காது. நாம கீழ செய்யப்போற ஸ்டெப் எல்லாமே இந்த வேலைகள பிரிச்சு ஒவ்வொண்ணா கையில கொடுக்கறதுக்குத்தான்.

முதல்ல எழுத வைக்காதீங்க, பிரிச்சுப் பாக்க வைங்க

முதல் நாள் யாரும் எதுவும் எழுத வேண்டாம். நல்லா அமைஞ்ச ஒரு பத்திய எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி துண்டுச்சீட்டுல எழுதி, கலைச்சுப் போட்டு, ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து வரிசைல அடுக்கச் சொல்லுங்க. அடுக்கி முடிச்சதும் நீங்க கேக்கவேண்டியது "சரியா வந்துச்சா"ன்னு இல்ல, "இது மூணாவதா வரணும்னு எப்படி கண்டுபிடிச்ச?"ன்னு. "இதுல 'அந்த ஓட்டம்'னு இருக்கு சார், அப்ப முன்னாடி ஓட்டத்த பத்தி சொல்லியிருக்கணும்ல" அப்படின்னு ஒரு பையன் சொல்லிட்டான்னா நீங்க அரை மணி நேரம் லெக்சர் எடுத்தாலும் புரிய வைக்க முடியாதத அவனே கண்டுபிடிச்சுட்டான்னு அர்த்தம்.

அடுத்த நாள் அதே விளையாட்டுல ஒரு சின்ன மாத்தம் பண்ணுங்க. பத்திக்குள்ள சேராத ஒரு வாக்கியத்த நடுவுல கலந்து விட்டு, எது வெளியாள்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சம்பந்தமே இல்லாத வாக்கியத்த போட்டா அஞ்சு செகண்ட்ல கண்டுபிடிச்சிடுவாங்க, எதுவும் கத்துக்க மாட்டாங்க. அதே தலைப்ப சேர்ந்த, உண்மையான, சுவாரஸ்யமான, ஆனா இந்த பத்திக்கு வேலையில்லாத வாக்கியமா போடுங்க. உதாரணத்துக்கு, தேனீ எப்படி நடனம் ஆடி மத்த தேனீக்கு வழி சொல்லுதுன்னு விளக்கற பத்திக்குள்ள "இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது"ன்னு ஒரு வாக்கியம். நல்ல தகவல்தான், நடனத்த பத்தினதும்தான். ஆனா நடனம் எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு அது உதவல. இத வச்சு கிளாஸ்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை வரும், வரட்டும். "நல்லா இருக்கு, ஆனா இங்க வேண்டாம்"ங்கற முடிவ எடுக்கப் பழகறதுதான் பத்தி எழுதறதுல பாதி வேலை.

தலைப்பு வேற, கருத்து வேற

எல்லாத்துலயும் முக்கியமான ஸ்டெப் இதுதான், இதுக்கு எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கோங்க.

"எத பத்தி எழுதப்போற?"ன்னு கேட்டா "தேனீ பத்தி"ன்னு சொல்வாங்க. அது தலைப்பு. தலைப்ப வச்சு பத்தி எழுத முடியாது, ஏன்னா எது உள்ள வரணும் எது வெளிய போகணும்னு அது சொல்லாது, தேனீ பத்தின எல்லாமே உள்ள வந்துடும். கருத்துன்னா ஒரு முழு வாக்கியம். "தேனீக்கள் பூக்கள் இருக்கும் இடத்தை நடனம் ஆடி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன." இது கருத்து.

கருத்துதானான்னு பசங்களே சோதிச்சுப் பாக்க ஒரு ஈஸியான வழி இருக்கு. வாக்கியத்த பக்கத்துல இருக்கற ஃபிரண்டுகிட்ட சொல்லணும். கேட்டதும் அந்த ஃபிரண்டுக்கு "எப்படி?"ன்னோ "ஏன்?"னோ கேக்கத் தோணினா அது வேலைக்கு ஆகும். "தேனீ ஒரு பூச்சி"ன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, "சரி"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க, அங்க பத்தி எழுத ஒண்ணுமில்ல. "தேனீ டான்ஸ் ஆடி வழி சொல்லும்"னு சொன்னா "எப்படி?"ன்னு வாய் தானா திறக்கும். அந்த "எப்படி"க்கு பதில்தான் மீதி பத்தி முழுக்க. எழுதறப்ப வழி தெரியாம நின்னுட்டாங்கன்னா கூட "உன் ஃபிரண்டு என்ன கேட்டான்? அதுக்கு பதில் சொல்லியாச்சா?"ன்னு மட்டும் கேளுங்க, திரும்ப பாதைக்கு வந்துடுவாங்க.

இந்த ஸ்டெப் முழுக்க வாயாலதான் நடக்கணும், நோட்டு மூடியே இருக்கட்டும். எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஜோடிக்கு ஜோடி பேசிக்கறதுக்கு கொடுக்கற நேரம் வீண் இல்ல. கிளாஸ் சத்தமா இருக்கேன்னு கவலைப்பட்டு இத வெட்டாதீங்க.

பொறுக்கி எடுக்கறது, வரிசை போடறது

கருத்து வாக்கியம் மேல இருக்கட்டும். கீழ அது சம்பந்தமா தெரிஞ்ச எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டு வார்த்தைல குறிச்சுக்கச் சொல்லுங்க, முழு வாக்கியம் வேண்டாம். அப்புறம் ஒவ்வொண்ணையும் மேல இருக்கற வாக்கியத்தோட வச்சுப் பாத்து, "எப்படி?"க்கு பதில் சொல்லாதத அடிக்கச் சொல்லுங்க. குறிப்பு எட்டு இருந்தா நாலு மிஞ்சினா போதும். அடிக்கறதுக்கு பசங்களுக்கு மனசு வராது, கஷ்டப்பட்டு யோசிச்சத ஏன் அடிக்கணும்னு தோணும். அடிச்சத தனியா ஒரு ஓரத்துல "அடுத்த பத்திக்கு"ன்னு எழுதி வச்சுக்கச் சொன்னா சுலபமா ஒத்துப்பாங்க, நிஜமாவே அதுல இருந்துதான் அடுத்த பத்தி வரும்.

வரிசைய பொறுத்தவரைக்கும் பெரிசா ஒண்ணுமில்ல. நடந்ததையோ செய்முறையையோ சொன்னா நேர வரிசை, ஒரு இடத்த வர்ணிச்சா கண்ணு போற வரிசை, காரணம் சொன்னா சின்ன காரணத்துல இருந்து பெரிய காரணத்துக்கு இல்லன்னா அதுக்கு நேர்மாறா. மிஞ்சின நாலு குறிப்புக்கும் நம்பர் போடச் சொல்லிட்டு, ஏன் அந்த நம்பர்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் இருந்தா போதும், நீங்க நினைச்ச வரிசையாத்தான் இருக்கணும்னு இல்ல.

போர்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு பத்தி

இத தாண்டிப் போகாதீங்க. நேரா "இப்ப நீங்களே எழுதுங்க"ன்னு விட்டுட்டா இதுவரைக்கும் செஞ்சது பாதி காணாம போயிடும். முதல்ல நீங்க எழுதிக் காட்டணும், அப்புறம் எல்லாரும் சேர்ந்து எழுதணும், அப்புறம்தான் தனியா.

எழுதிக் காட்டறப்ப மனசுல ஓடறத வாய்விட்டு சொல்லிட்டே எழுதுங்க. "முதல் வாக்கியத்துல நடனம்னு சொல்லிட்டேன், படிக்கறவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாதே, அப்ப அடுத்து அத காட்டணும்... 'வட்டமாக'ன்னு போட்டுட்டேன், இல்லல்ல, நேர்க்கோட்டுலதான ஓடுது, அடிச்சிடறேன்..." இப்படி. நீங்க அடிக்கறதையும் மாத்தறதையும் பசங்க கண்ணால பாக்கணும். அச்சடிச்ச புத்தகத்துல முடிஞ்ச பத்திய மட்டுமே பாத்து வளர்ற பசங்க, நல்லா எழுதறவங்க ஒரே மூச்சுல எழுதிடுவாங்கன்னு நம்பறாங்க, தனக்கு அப்படி வரலன்னதும் "எனக்கு எழுத வராது"ன்னு முடிவு கட்டிடறாங்க. அந்த முடிவ எடுத்துட்ட குழந்தைய திரும்ப இழுத்துட்டு வர்றது ரொம்ப கஷ்டம்.

ஒரு பத்திய கிட்ட போய் பாப்போம்

பசங்க எழுத்துல அடிக்கடி வர்ற மாதிரி ஒரு பத்தி:

"தேனீக்கள் மிகவும் சுறுசுறுப்பானவை. மேலும் அவை தேன் சேகரிக்கும். தேன் உடலுக்கு நல்லது. மேலும் தேனீ கொட்டினால் வலிக்கும். அவை நடனம் ஆடும். அது வழி சொல்லும். ஆகவே நாம் தேனீக்களைப் பாதுகாக்க வேண்டும்."

இதுல ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல, வாக்கியம் ஒவ்வொண்ணும் சரி, ஆனா பத்தி இல்ல. "மேலும்" ரெண்டு தடவை வருது, ரெண்டு இடத்துலயும் எதோட எத சேர்க்குதுன்னு கேட்டா பதில் இல்ல. "அது வழி சொல்லும்" எது? தேனீயா, நடனமா? கடைசில "ஆகவே" வருது, ஆனா முன்னாடி சொன்ன எதுல இருந்தும் அந்த முடிவு வரல. பசங்க பத்திய ஒரு அறிவுரையோட முடிக்கணும்னு எங்கயோ பழகிட்டாங்க, அத மென்மையா எடுத்து விடுங்க.

இப்ப அதே குழந்தை கருத்த முடிவு பண்ணி, பொறுக்கி, வரிசை போட்டு எழுதினா:

"தேனீக்கள் பூக்கள் இருக்கும் இடத்தை நடனம் ஆடி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. பூக்களைக் கண்டுபிடித்த தேனீ கூட்டுக்குத் திரும்பி வந்து, அடையின் மேல் உடலை ஆட்டிக்கொண்டே நேர்க்கோட்டில் ஓடுகிறது. அந்த ஓட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு தொலைவில் பூக்கள் இருக்கின்றன. ஓட்டத்தின் கோணம், சூரியனை வைத்துப் பார்த்தால் எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்று காட்டுகிறது. தொலைவும் திசையும் தெரிந்துவிட்டதால், மற்ற தேனீக்கள் தாங்கள் இதுவரை போகாத இடத்துக்கும் நேராகப் பறந்து போகின்றன."

இதுல "மேலும்" இல்ல, "ஆகவே" இல்ல, ஆனாலும் வாக்கியங்கள் ஒட்டிக்கிட்டு நிக்குது. எப்படின்னு பசங்களையே தேடச் சொல்லுங்க. "ஓடுகிறது"ன்னு ஒரு வாக்கியம் முடியுது, அடுத்தது "அந்த ஓட்டம்"னு அதையே பிடிச்சுட்டு ஆரம்பிக்குது. தொலைவு ஒரு வாக்கியம், திசை ஒரு வாக்கியம், கடைசி வாக்கியம் "தொலைவும் திசையும்"னு ரெண்டையும் சேர்த்து எடுத்துக்குது. நம்ம தமிழ்ல இது புதுசே இல்ல, ஒரு பாட்டு முடியற இடத்துல இருந்து அடுத்த பாட்டு தொடங்கற அந்தாதி நம்ம கிட்ட ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கு. பசங்களுக்கு அந்தாதி தெரிஞ்சிருந்தா அதையே சொல்லி விளக்கலாம், ஒவ்வொரு வாக்கியமும் முந்தின வாக்கியத்துல இருந்து ஒண்ண எடுத்துக்கிட்டு புதுசா ஒண்ண சேர்க்கணும், அவ்வளவுதான் கோர்வைங்கறது.

இணைப்புச் சொல் பட்டியல் ஒண்ண சுவத்துல ஒட்டி "இதெல்லாம் யூஸ் பண்ணு"ன்னு சொல்றத நான் ஆரம்பத்துல பண்ண வேண்டாம்னுதான் சொல்வேன். பட்டியல கொடுத்தா பசங்க வாக்கியத்துக்கு ஒண்ணா ஒட்டிடுவாங்க, உள்ள தொடர்பு இருக்கோ இல்லையோ. தொடர்பு முதல்ல, சொல் அப்புறம். "இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல என்ன உறவு? காரணமா, எதிர்ப்பா, உதாரணமா?"ன்னு கேட்டு, பதில் வந்ததும் "அப்ப ஏனென்றால்னு போடலாமா, ஆனால்னு போடலாமா?"ன்னு கேளுங்க.

பேசற தமிழ், எழுதற தமிழ்

வாயால ரொம்ப அழகா விளக்கற பொண்ணு, எழுதுன்னு சொன்னதும் கல்லா உறைஞ்சு போயிடறத நிறைய பேர் பாத்திருப்பீங்க. யோசனை பேச்சுத்தமிழ்ல ஓடுது, பேப்பர்ல எழுத்துத்தமிழ் வேணும், ரெண்டுக்கும் நடுவுல மாத்திக்கிட்டே இருக்கறதுல சொல்ல வந்தது தொலைஞ்சு போயிடுது. இதுக்கு ஒரே தீர்வு, முதல் வரைவ பேசற மாதிரியே எழுத விட்டுடறது. "தேனீ வந்து ஆடிக்கிட்டே ஓடும், எவ்ளோ நேரம் ஓடுதோ அவ்ளோ தூரம்"னு எழுதட்டும். கருத்தும் வரிசையும் சரியா நின்னதுக்கு அப்புறம், ரெண்டாவது வரைவுல எழுத்துத்தமிழுக்கு மாத்தறது தனி வேலை, அது அவ்வளவு கஷ்டமும் இல்ல. இதுல பேச்சுத்தமிழ் தப்புங்கற மாதிரி ஒரு வார்த்தை கூட சொல்லிடாதீங்க.

மாத்தறப்ப ஒரு விஷயத்த கவனிக்கச் சொல்லுங்க. தமிழ்ல "வந்து, பார்த்து, எடுத்து, கொடுத்து"ன்னு ஒரு வாக்கியத்த எவ்வளவு தூரம் வேணாலும் இழுத்துட்டே போகலாம், வினை கடைசிலதான் வரும், அதுக்குள்ள யார் என்ன செஞ்சாங்கன்னு படிக்கறவங்களுக்கு மறந்து போயிடும். ஒரு வாக்கியத்த ஒரு மூச்சுல சத்தமா படிக்க முடியலன்னா ரெண்டா உடைக்கச் சொல்லுங்க. இதுக்கு எதிர்ப்பக்கமா, துண்டு துண்டா எழுதற பசங்களுக்கு ரெண்டு சின்ன வாக்கியத்த கொடுத்து ஒண்ணா சேர்க்கச் சொல்லிப் பழக்குங்க, தினம் அஞ்சு நிமிஷம் போதும்.

இந்த சேர்க்கற பயிற்சிய சும்மா சொல்லல. 2007ல ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 4ஆம் வகுப்புல இருந்து 12ஆம் வகுப்பு வரைக்குமான பசங்க எழுத்து பத்தி நடந்த பல ஆய்வுகள சேர்த்து அலசினாங்க. திட்டமிடறது, திருத்தறது இதையெல்லாம் படிப்படியா வெளிப்படையா சொல்லிக்கொடுத்தா நல்ல பலன் இருந்துச்சு, வாக்கியம் சேர்க்கற பயிற்சிக்கும் பலன் இருந்துச்சு. இலக்கணத்த மட்டும் தனியா பிரிச்சு நடத்தினதால எழுத்து முன்னேறல. அது ஆங்கிலத்துல எழுதற பசங்கள வச்சு செஞ்சதுதான், ஆனாலும் ஒரு பீரியட் முழுக்க இலக்கண விதி எழுதிப்போடறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்கிற விஷயம்.

முதல் வாக்கியத்துலதான் கருத்து இருக்கணுமா?

ஆரம்பத்துல ஆமான்னு சொல்லுங்க. எழுதறவங்களுக்கே அது பிடிமானம், கண்ணு முன்னாடி இருந்தா வழி தவறாது. ஆனா அதையே சட்டமா ஆக்கிடாதீங்க. 1974ல ரிச்சர்ட் பிராடாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்கப் பத்திரிகைகள்ல தொழில்முறை எழுத்தாளர்கள் எழுதின கட்டுரைகள எடுத்து பத்தி பத்தியா எண்ணிப் பாத்தார், அதுல மையக்கருத்து வாக்கியத்தோட ஆரம்பிச்ச பத்திகள் சுமார் 13 சதவீதம்தான். நல்ல வாசிப்பு இருக்கற ஒரு குழந்தை, "நான் படிச்ச கதைல அப்படி இல்லையே"ன்னு கேட்டா அது சரியான கேள்வி. "உனக்கு கருத்து என்னன்னு தெரியுதா? அப்ப அத எங்க வேணாலும் வை, சொல்லாமலும் விடலாம், படிச்சவங்க ஒரு வரில சொல்ல முடியணும், அவ்வளவுதான்"னு பதில் சொல்லுங்க.

திருத்தறது

முதல் வரைவுல எழுத்துப்பிழைய தொடாதீங்க. நிஜமா சொல்றேன், கை அரிக்கும், ஆனா தொடாதீங்க. அடிச்சுப் போடப்போற வாக்கியத்துல ஒற்றுப்பிழைய திருத்தி யாருக்கு லாபம்? அதோட, பக்கம் முழுக்க சிவப்பா இருந்தா குழந்தைக்கு எது பெரிய பிரச்சனை எது சின்ன பிரச்சனைன்னு தெரியாது, எல்லாமே ஒரே அளவுல தப்பா தெரியும்.

அதுக்கு பதிலா எழுதினத ஃபிரண்டுகிட்ட கொடுத்து, கருத்து வாக்கியத்த கையால மறைச்சுட்டு மீதிய படிக்கச் சொல்லுங்க. படிச்சிட்டு "இந்த பத்தி என்ன சொல்லுது"ன்னு ஓரத்துல ஒரு வரி எழுதணும். அந்த வரியும் மறைச்சு வச்ச வாக்கியமும் ஒத்துப்போச்சுன்னா பத்தி நிக்குது. ஒத்துப்போகலன்னா எங்க விலகிச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடட்டும். நீங்க "தெளிவா இல்ல"ன்னு எழுதறத விட, பக்கத்துல இருக்கற ஃபிரண்டு வேற எதையோ புரிஞ்சுக்கிட்டான்னு கண்ணால பாக்கறது எவ்வளவோ மேல்.

நீங்க கமெண்ட் எழுதறப்ப ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம், அதுவும் குழந்தை உடனே செய்யக்கூடியதா இருக்கணும். "கோர்வை இல்லை"ன்னு எழுதாம "3ஆவது வாக்கியத்துல 'அது'ன்னா எது? பேர எழுது"ன்னு எழுதுங்க. "விளக்கம் போதாது"ன்னு எழுதாம "இத படிச்சதும் எனக்கு 'எப்படி?'ன்னு கேக்கத் தோணுது, பதில ரெண்டு வாக்கியத்துல சேரு"ன்னு எழுதுங்க. அப்புறம் திருத்தி எழுத கிளாஸ்லயே நேரம் கொடுங்க, இல்லன்னா அந்த கமெண்ட்ட யாரும் படிக்கவே மாட்டாங்க. நல்லா வந்த ஒரு இடத்தையும் இதே மாதிரி குறிப்பா சொல்லுங்க. "வெரி குட்" போதாது, "'அந்த ஓட்டம்'னு ஆரம்பிச்சதால எனக்கு சட்டுனு புரிஞ்சுது"ன்னு சொன்னா அடுத்த தடவை தெரிஞ்சே அத செய்வாங்க.

ஒரு பத்தி கைக்கு வந்தப்புறம்

ஒரு பத்திய துணையில்லாம எழுத ஆரம்பிச்சதும், ஓரத்துல "அடுத்த பத்திக்கு"ன்னு ஒதுக்கி வச்சாங்கல்ல, அத எடுக்கச் சொல்லுங்க. தேன் சேகரிக்கறது, கொட்டறது, நோபல் பரிசு எல்லாம் அங்க காத்துட்டு இருக்கும். நோபல் பரிசுக்கு இப்ப இடம் கிடைக்கும், "நடனத்தின் பொருளை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்"ங்கற பத்திக்குள்ள. எங்க பத்திய பிரிக்கறதுங்கற கேள்விக்கும் இங்கயே பதில் வந்துடும். படிக்கறவங்க கேக்கற கேள்வி மாறினா புது பத்தி. "எப்படி ஆடுது?"க்கு பதில் முடிஞ்சு "இத யார் கண்டுபிடிச்சா?"ன்னு கேள்வி வந்ததுன்னா அங்க ஒரு வரி விட்டு எழுதணும். பத்து வரிக்கு ஒரு பத்தின்னு நீளத்த வச்சு பிரிக்கச் சொல்லாதீங்க.

இந்த கட்டத்துல குறிப்பு எடுக்கற தாள், நம்பர் போடறது, ஜோடியா பேசறது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வாங்க, ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்துடாதீங்க. முதல்ல நம்பர் போடறத விடலாம், அப்புறம் குறிப்புத்தாள். "எப்படி?"ன்னு கேக்கற ஃபிரண்டு மட்டும் கடைசி வரைக்கும் இருக்கட்டும், கொஞ்ச நாள்ல அந்த கேள்விய அவங்களே மனசுக்குள்ள கேட்டுக்க ஆரம்பிச்சிடுவாங்க, எழுதிட்டு இருக்கறப்ப நடுவுல நிறுத்தி ஒரு வாக்கியத்த தானாவே அடிக்கறத பாத்தா உங்களுக்கே தெரியும்.